‘இருக்கான்’ என்று சொன்னவள்

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார். கல்யாணமான புதிதில், ஒரு கூடை வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் தன் பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாளாம். "அண்ணி, இந்த ரேடியோவை நிறுத்துற பொத்தான் எங்க இருக்குன்னு எங்கண்ணன்கிட்டயாவது சொல்லி வச்சிருக்கீங்களா?" என்று நாத்தனார் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

பிழைப்பும் வாயை நம்பித்தான். பேருந்து நிலையத்தில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை. எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியாது. "நாலாவது நடைமேடையில குடையை விட்டுட்டுப் போன பெரியவரே, மழை வர்ற மாதிரி இருக்கு, திரும்பி வாங்க" என்பாள். நிலைய அதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்தார். மூன்றாவது தடவை அவருடைய குடையே காணாமல் போனது, அவள் சொல்லித்தான் கிடைத்தது. அதற்கப்புறம் அவர் கண்டிக்கவில்லை.

பிறகு பிள்ளை பிறந்தான். பிறந்ததிலிருந்தே தொய்ந்து கிடந்தான். தசைகளுக்கு வலு வராத நோய் என்றார்கள். கை காலில் ஆரம்பித்தது, மூச்சு விடுகிற தசை வரைக்கும் போனது. முதல் வயது முடிவதற்குள் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, குழாயை ஒரு மூச்சு மிஷினோடு இணைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாயில் சளி கோத்துக்கொண்டால் இன்னொரு மிஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பிள்ளை போய்விடுவான். இதை ஒரு நர்சு ஒரே மத்தியானத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, ‘பத்திரம்மா’ என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவது என்றால் இதுதான்.

வேலையை விட்டாள். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் இருப்பவர்களையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதர், தன் பெண்டாட்டியை மட்டும் வீடு இருந்த இரண்டாவது மாடியிலிருந்து கீழே இறக்க முடியாமல் முழித்தார். பிள்ளைக்கு முதலாளி என்று பட்டப்பெயர் வைத்தது அவர்தான். படுத்த இடத்தை விட்டு அசையாமல், இரண்டு பேரை உட்கார விடாமல் வேலை வாங்குகிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவது? "முதலாளி கூப்பிடுறார், போ" என்பார். அவள் கையில் பிசைந்த மாவோடு ஓடுவாள்.

கூப்பிடுவது என்றும் சொல்ல முடியாது. கழுத்துக் குழாய் வழியாகவே மூச்சு போய் வருவதால் அவனுக்குக் குரல் இல்லை. அழுதால் வாய் விரியும், முகம் சிவக்கும், கண்ணீர் காதுக்குள் இறங்கும். சத்தம் மட்டும் வராது. அவள் வேறு பக்கம் திரும்பியிருந்தால் அவன் அழுததே அவளுக்குத் தெரியாது. அதனால் திரும்புவதையே விட்டுவிட்டாள். ஒரு ரேடியோவுக்கு வாய்த்த பிள்ளை ஊமைப் பிள்ளை. விதிக்கு இந்த மாதிரி வேடிக்கையெல்லாம் நன்றாக வரும்.

முதலில் உறவுக்காரர்கள் வந்தார்கள். மிஷினைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை. "கரண்ட் போனா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்கள். பிறகு வருவதை நிறுத்தினார்கள். அவளுக்கு வாய் துருப்பிடித்தது. முதலாளியிடம் பேசிக்கொண்டே இருந்தாள், அவனும் கண்ணை உருட்டி உருட்டிக் கேட்டுக்கொண்டான். ஆனால் பதில் பேச ஒரு ஆள் வேண்டாமா?

அப்படி இருக்கும்போதுதான் ஆராய்ச்சி வந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். இந்த மாதிரிப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது அவள் படிப்பு. கட்டை விரல் அளவுக்கு ஒரு பதிவுக் கருவி வைத்திருந்தாள். அதை ஸ்டூலின் மேல் அப்படியே வைக்காமல், மூச்சு மிஷினின் அதிர்வு ஏறாமலிருக்கக் கைக்குட்டையை மடித்து அதன் மேல் வைத்தாள். ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தாளைப் படித்துக் காட்டினாள். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், பெயர் எங்கேயும் வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவேன் என்றெல்லாம் இருந்தது. கடைசியில், நடுவில் குழந்தை இறந்துபோனால் அத்துடன் நேர்காணல்கள் நிறுத்தப்படும், பெற்றோரைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று இருந்தது.

"வாயைக் கழுவு முதல்ல" என்றாள் ரேடியோ.

ஆராய்ச்சி பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். "எல்லார்கிட்டயும் இதைப் படிக்கணும்க்கா. இது விதி" என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள். யாரோ நல்ல மனசோடு உட்கார்ந்து யோசித்துப் போட்ட விதி அது. நல்ல மனசுக்காரர்கள் போடுகிற விதிதான் சில சமயம் கழுத்தை அறுக்கிறது.

அன்றைக்கு ஆராய்ச்சி கேட்ட மூன்றாவது கேள்வி, "அவனுக்கு என்ன பிடிக்கும்?" என்பது. ரேடியோவிடம் இதை யாரும் கேட்டதில்லை. டாக்டரும் கேட்டதில்லை, நாத்தனாரும் கேட்டதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ஈரத் துணியை அவன் பக்கத்துல உதறணும். முகத்துல தண்ணி தெறிக்கும். கண்ணை மூடிக்கிட்டு, அடுத்து எப்ப தெறிக்கும்னு காத்துக்கிட்டு இருப்பான். அதுக்காகவே ஒரே துணியை நாலு தடவை நனைப்பேன்." அதற்கப்புறம் மடை திறந்தது. நடுநடுவே எழுந்து போய்ச் சளி எடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசினாள். ஆராய்ச்சி கிளம்பும்போது உள்ளே போய் முதலாளியின் உள்ளங்கையில் விரலை வைத்து, "போயிட்டு வரேன் சார்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக ரேடியோ அவளுக்குத் தன் ஆயுசில் பாதியைக் கொடுத்திருப்பாள்.

இரண்டாவது தடவையும் அப்படியே போனது. மூன்றாவது தடவை வருவதற்கு முன், மழைக்காலத்தில், முதலாளிக்குச் சளி பிடித்தது. ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனான். அழுதானோ என்னவோ, அவர்கள் அவளை வெளியே நிற்க வைத்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்தபின் மறுபடியும் உறவுக்காரர்கள் வந்தார்கள். "அவனுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை" என்றார்கள். சொல்லி வைத்த மாதிரி எல்லோரும் அதையே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாத்தனார் தலையைத் தடவி, "இனிமேலாவது நல்லாத் தூங்குங்க அண்ணி" என்றாள். ரேடியோ பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "விடு, நினைக்காதே" என்று பேச்சை மாற்றினார்கள்.

வீட்டுக்காரர் தூங்கினார். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து கோழித் தூக்கம் தூங்கிய மனிதர், இப்போது படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி கிடந்தார். அவர் மேல் தப்பில்லை, உடம்பு கேட்டது. இருந்தாலும் அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது. மீதிக் குழாய்கள், பஞ்சு, மருந்து எல்லாவற்றையும் அவரே பெட்டியில் கட்டி ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டார். மூச்சு மிஷின் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமானது. "போன் பண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று அவளிடம் சொல்லியிருந்தார். பண்ணிவிட்டேன் என்றாள். பண்ணவில்லை.

அந்தப் போனில்தான் ஆராய்ச்சியின் குரல் வந்தது. "அக்கா, நல்லாயிருக்கீங்களா? மூணாவது தடவைக்கு வரலாம்னு. பையன் எப்படி இருக்கான்?"

"இருக்கான்" என்றாள்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. திருத்த நேரமும் இருந்தது, ஏனென்றால் அந்தப் பெண் எந்தக் கிழமை வசதி என்று கேட்டு, பேருந்து எண்ணை மறுபடியும் கேட்டு, கொஞ்சம் இருமியும் முடித்தாள். ஆனால் எத்தனையோ நாளுக்கப்புறம் பிள்ளையைப் பற்றி ஒருத்தி கேட்டிருக்கிறாள். இல்லை என்று சொன்னால் அந்தத் தாளில் இருந்த விதிப்படி அவள் வரமாட்டாள். "வியாழக்கிழமை வா. அவர் வேலைக்குப் போயிருப்பார்" என்றாள் ரேடியோ.

வியாழக்கிழமை காலையில் உள் அறையில் படுக்கையை விரித்தாள். மிஷினைப் போட்டாள். மூச்சு விட ஆளில்லாத மிஷின் சும்மா இருக்காது, குழாய் கழன்றுவிட்டது என்று வீடே அதிரக் கத்தும். அதற்கும் அவளுக்கு வழி தெரியும். மிஷினைக் கொடுக்கும்போதே உள்ளங்கை அளவில் ஒரு ரப்பர் பையும் கொடுத்திருந்தார்கள். பிள்ளைக்கு மாட்டுவதற்கு முன், மிஷின் சரியாக ஓடுகிறதா என்று அதில் மாட்டிப் பார்க்க வேண்டும். அதை மாட்டினாள். பை உப்பியது, சுருங்கியது, உப்பியது. அதை வெறும் மெத்தையில் போட மனசு வராமல் தலையணையின் மேல் வைத்தாள். பழைய சத்தம் வீட்டுக்குள் வந்தது. அவளுக்குத் தோள் இறங்கி, பசியெடுத்தது. உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஆராய்ச்சி வந்ததும் வாசலிலேயே, "தூங்குறானா?" என்றாள்.

"இப்பதான் கண்ணசந்தான். கதவைச் சாத்தி வச்சிருக்கேன்."

கைக்குட்டை மடிக்கப்பட்டது. கருவியில் சிவப்புப் புள்ளி எரிந்தது. "இப்பல்லாம் ஒரு நாள் எப்படிக்கா போகுது?" என்று ஆராய்ச்சி கேட்டாள்.

முதலில் பழைய நாளைத்தான் சொன்னாள். எழுந்ததும் குழாயைச் சுற்றித் துடைப்பது, முதுகைத் தட்டிச் சளியைக் கிளப்புவது, புரட்டிப் போடுவது. சொல்லச் சொல்லக் கை தானாக மடியில் தட்டியது. எல்லாம் உண்மை, கொஞ்ச நாள் பழைய உண்மை. நடுநடுவே, "இரு, பார்த்துட்டு வரேன்" என்று உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தாள். ஆராய்ச்சி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். அப்படி ஒருத்தர் தலையாட்டினால் ஊமைக்கும் பேச்சு வரும், ரேடியோவுக்குக் கேட்கவா வேண்டும்?

"முன்னைக்கு இப்ப ஏதாவது மாற்றம் இருக்கா?"

"இருக்கே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன மாற்றம் என்று யோசித்தாள். தினமும் பகலில் உட்கார்ந்து ஆசைப்பட்ட ஒன்று கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருந்தது. "மிஷினைக் கழட்டிடறேன் இப்பல்லாம். மத்தியானத்துல. ஒரு மணி நேரம் அவனாவே மூச்சு விடுறான்."

ஆராய்ச்சியின் பேனா நின்றது. "நிஜமாவாக்கா?"

"முதல்ல கொஞ்ச நேரம் விட்டேன். அப்புறம் கூட்டிக்கிட்டே போனேன். ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போய் வேடிக்கை காட்டுவேன். மடியில கனமா இருப்பான், அந்தக் குழாய் இழுக்காம." அந்தக் கனத்தை நிஜமாகவே மடியில் உணர்ந்தாள். "நேத்து, குழாய் வாயில லேசா விரலை வச்சு அடைச்சேன், காத்து தொண்டைக்கு ஏறுச்சு. ம்மான்னான். சத்தம் வந்துச்சு."

ஆராய்ச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதைக் கேக்கறது என் வேலை இல்ல. ஆனாலும் கேக்கறேன்" என்றாள்.

"கேளு."

"இதே நோய் உள்ள இன்னொரு பொண்ணு இருக்கு. உங்க பையன் வயசுதான். இங்கேயிருந்து நேரா அவங்க வீட்டுக்குத்தான் போறேன். டாக்டர் வேண்டாம்னுட்டாராம். அவங்கம்மாவுக்கு மட்டும் மிஷினைக் கழட்டிப் பார்க்கணும்னு ஒரே ஆசை. யாராவது ஒருத்தர் வீட்ல நடந்திருக்குன்னு தெரிஞ்சாப் போதும், இன்னைக்கே பண்ணிடுவேன்னு சொல்லிட்டு இருக்காங்க. உங்க பேரைச் சொல்ல மாட்டேன். இப்படி ஒரு பையன் இருக்கான்னு மட்டும் சொல்லட்டுமா?"

ரேடியோ "பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தலையணையில் பை உப்பிச் சுருங்கிக்கொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஆராய்ச்சி இன்னும் ஆறு மாதம் கழித்து வருவாள். முதலாளி அதற்குள் உட்காரக்கூடப் பழகியிருப்பான். அவளுக்கு அந்த ஆசை அவ்வளவு இருந்தது, இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் முகம் தெரியாத அந்தப் பொம்பளை, மகள் கழுத்திலிருந்து குழாயைக் கழட்டிவிட்டுச் சிரித்த முகமாகப் பக்கத்தில் உட்காருவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கும் குரல் இருக்காது. அம்மா வேறு பக்கம் திரும்பினால் போதும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது அவளுக்கு வந்து தெரிந்த காய்ச்சல். கையை நீட்டி மிஷினை நிறுத்தினாள். பை சுருங்கி, அப்படியே படுத்துவிட்டது.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஆராய்ச்சி எழுந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

"சத்தம் நின்னுடுச்சே! கழட்டிட்டீங்களாக்கா? இப்ப அவனாவே விடுறானா?" கிசுகிசுத்தபடி பதிவுக் கருவியைக் கைக்குட்டையோடு எடுத்து, அந்த அமைதியும் பதிவாகட்டும் என்று உள் அறைப் பக்கம் நீட்டினாள்.

ரேடியோ அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். படுக்கையைக் காட்டினாள். ஆராய்ச்சி பையைப் பார்த்தாள், கட்டிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், குனிந்து கீழேகூடப் பார்த்தாள். பிறகுதான் புரிந்தது.

"எப்பக்கா?"

"மழை பெய்ஞ்சுதே, அப்ப. சளி புடிச்சுது."

"போன்ல கேட்டேனே…"

"கேட்டே. நீ ஒருத்திதான் கேட்டே." அவள் குரல் கொஞ்சமும் ஆடவில்லை, பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருந்தது. "அந்தப் பொம்பளைகிட்ட ஒண்ணும் சொல்லாதே. ஒரு மணி நேரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குழாயை மாத்துற நேரத்துக்குள்ளயே அவனுக்கு உதடு நீலமாயிடும். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் ஆகும், கத்திக் கூப்பிடக்கூட அதால முடியாது. நான் பொய்க்காரின்னு சொல்லு. பைத்தியம்னு சொல்லு. கழட்ட மட்டும் வேண்டாம்னு சொல்லு."

"சொல்றேன்க்கா." ஆராய்ச்சியின் விரல் கருவியைத் தேடிப் போனது. சிவப்புப் புள்ளி அணைந்தது.

"ஏன் நிறுத்தினே?"

"விதிக்கா. இதுக்கு மேல நான் உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

"இவ்வளவு நேரம் பொய் சொன்னேன், ஓட விட்டுட்டு உட்கார்ந்திருந்தே. இப்ப நிஜம் பேச ஆரம்பிச்சேன், நிறுத்திட்டியே."

அந்தப் பெண் அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், போன் எண் தருகிறேன் என்றாள். தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். இந்தத் தடவை உள்ளங்கையில் விரல் வைத்து விடைபெற ஆளில்லை, அதனால் எந்தப் பக்கம் திரும்பிப் போவது என்று தெரியாமல் நின்றாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போ" என்றாள் ரேடியோ. "நீ கேள்வி எழுதி எடுத்துட்டு வந்திருப்பியே. அதுல இருந்து ஒண்ணு கேளு."

ஆராய்ச்சி தாளை மறுபடியும் வெளியே எடுத்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். இப்போது எப்படித் தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், அடுத்த வருஷத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள். எல்லாம் இருக்கிற பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள். ஒன்றுகூடத் தேறவில்லை. அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

ரேடியோ கேட்கப்படாத கேள்விக்குத் தானே பதில் சொல்ல ஆரம்பித்தாள். "முதல் நாள் தும்மல்தான். அவன் தும்மினா மூக்கு மட்டும் சுருங்கும், சிரிப்பா இருக்கும். நானும் சிரிச்சேன்…" ஆராய்ச்சி தோளில் பையோடு நின்றபடியே கேட்டாள். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.